மரமல்லாதவை

தை மாத ஞாயிறு, பதினொன்றே கால் மணி.
மயிலாடுதுறையில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
அப்போது எடுத்த படங்கள் இவை.
புள்ளிக்குப் பத்து சென்டிமீட்டர்.
ஒரு ஆள் என்றால் ஐந்து புள்ளி,
தலையும் தோளும். அதற்குமேல்
யாருக்கும் அடையாளம் கிடையாது.

என் வேலை கோடு போடுவது.
டயர்க் கடைக்கு மேல் மாடி, மூன்று கணினி,
சுழலும்போது தலையாட்டும் ஒரு மின்விசிறி.
மரத்தின் தலையைச் சுற்றிச்
சொடுக்கிச் சொடுக்கி வேலி கட்ட வேண்டும்.
இரண்டாயிரம் வேலி நீ கட்டு,
அப்புறம் எந்திரமே கட்டிக்கொள்ளும்
என்றார் பக்கிரிசாமி.

கட்டியது.
கல்யாண மண்டபத்தின் பச்சைத் தகரத்துக்கு.
வெங்காயத்தாமரை மூடிய குளம் முழுவதற்கும்.
கோபுரத்தின் ஐந்தாம் நிலையில்
காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றுக்கு
உயரம் முப்பத்தெட்டு மீட்டர் என்று எழுதியது.
அதைப் பொய்யென்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

தென்னை அதற்குச் சுலபம், நட்சத்திரம்.
தையில் சிவந்து நின்ற வாதாமரங்களை மட்டும்
ஓட்டு வீடு என்று விட்டுவிட்டது.

தவறுகளுக்குத் தனிக் கோப்பு.
பெயர்: மரமல்லாதவை.
மரம் எதுவென்று கற்க
மரமல்லாததும் மூட்டை மூட்டையாய் வேண்டுமாம்.
போடுகிறேன்.
பாசி பிடித்த மொட்டைமாடி,
கொடியில் காயும் பச்சைப் புடவை,
சந்தை வாசலில் இறக்கிய வாழைத்தார்கள்.

அரசும் வேம்பும் பின்னிக்கொண்ட மேடை ஒன்று.
ஒரு வேலியா, இரண்டா?
பக்கிரிசாமி போனில் சிரித்தார்:
"கல்யாணம் ஆனதுதானே, ஒரே கார்டு போதும்."
ஒரே வேலி கட்டினேன்.
பெயர் கேட்டது கட்டம்.
அரசு என்று அடித்துவிட்டு
டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழித்தேன். இரண்டு வேலி.

எண் ஏழாயிரத்து நூற்றுப் பதினாறு,
கூறைநாட்டுத் தூங்குமூஞ்சி மரம்.
இருபத்திரண்டு மீட்டர் விரிவு,
நாற்பத்தொரு சொடுக்கு.
எந்திரத்துக்கு அதன்மேல்
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு நம்பிக்கை.
எனக்கு என் தம்பிமேல்கூட அவ்வளவு இல்லை.

வைகாசியில் மறுபடி பறந்தார்கள்.
புதுப் படத்தில் அந்த இடத்தில்
சாலை அகலமாக இருந்தது.
எந்திரம் ஒன்றும் சொல்லவில்லை.
இல்லாமல் போனதற்கு அது மதிப்பெண் போடாது.

பெரிதாக்கினேன்.
ஒரு நீலத் தார்ப்பாய்.
வெளியே பாதி நீட்டிக்கொண்டு இஸ்திரி வண்டி.
மடித்த துணிகள் எட்டு வெள்ளைப் புள்ளி.
சுவரின் நிழல் ஒரு முழம்.
அதை ஒட்டி ஒரு ஆள்,
மூன்று புள்ளி நிழலில்,
இரண்டு புள்ளி வெயிலில்.

தையிலும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.
நாற்பத்தொரு முறை
அந்தத் தலைக்குமேல் சொடுக்கியிருக்கிறேன்.
இலைதான் தெரிந்தது.

தார்ப்பாயின் மேல் ஏதோ பச்சை.
வெட்டியதில் கிடைத்த கிளைகளை
வெப்பம் தாங்கப் பரப்பியிருக்கிறார்கள்.
அதைச் சுற்றிச் சின்னதாய் ஒரு வேலி,
நான் கட்டியதில்லை.
மரம், நூற்றுக்கு ஐம்பத்தொன்று,
என்கிறது எந்திரம்.

இரண்டு மீட்டருக்குக் குறைந்தால்
மரமாகாது என்பது விதி.
அளந்தேன். ஒன்று எண்பது.

கீழே யாரோ லாரிக்குக் காற்றடிக்கிறார்கள்,
மேசை லேசாக அதிர்கிறது.
பக்கிரிசாமி மாலைக்குள் கோப்பு கேட்டிருக்கிறார்.
சுட்டி அதன்மேலேயே நிற்கிறது,
இன்னும் எதிலும் போடவில்லை.